எறும்பு விசாரணை

ஹேமாவதியின் இடது காலில் பதினேழு கொப்புளங்கள் இருந்தன. ஜானகிராமன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். பதினேழேதான்.

"வலிக்குதா?"

"எது?" என்று கேட்டாள் ஹேமாவதி.

நெருப்பெறும்பு ஒன்று கடித்தாலே பெரிய பெரிய ஆட்களெல்லாம் வேட்டியை உதறிக்கொண்டு குதிப்பார்கள். இவள் பதினேழு கடி வாங்கிக்கொண்டு, புல்தரையில் சாவகாசமாக நின்று, எதிர்வீட்டு மாடியில் காயும் புடவை பட்டா பாலியெஸ்டரா என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஆறு வருஷத்துச் சர்க்கரை நோய் அவள் பாதத்தின் உணர்ச்சி முழுவதையும் தின்று தீர்த்திருந்தது. போன வருஷம் முள் குத்தியதுகூடத் தெரியாமல் விட்டு, கடைசியில் கால் சுண்டுவிரலை எடுக்கும்படி ஆயிற்று. கட்டுப் பிரித்த அன்று டாக்டர், இனிமேல் ஒரு புண் வந்தால் விரலோடு நிற்காது, கணுக்கால் வரைக்கும் போகும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

கொடுமை என்னவென்றால், அந்தப் புல்தரையைப் போட்டதே அவள் காலுக்காகத்தான்.

ஆவடிப் பக்கத்துக் கோவில்பதாகையில் யாரும் வீட்டு முன்னால் புல் வளர்ப்பதில்லை. இடம் இருந்தால் கார் நிறுத்துவார்கள், இன்னும் கொஞ்சம் இருந்தால் ஒரு போர்ஷன் எழுப்பி வாடகைக்கு விடுவார்கள். ஜானகிராமன் மட்டும் பூந்தமல்லிப் பக்கத்து நர்சரியிலிருந்து கொரியன் புல்லைப் பாய் பாயாக வரவழைத்து வாசலில் விரித்தார். காலையில் வெறுங்காலோடு புல்லில் நடந்தால் சர்க்கரை இறங்கும் என்று வாக்கிங்கில் யாரோ சொல்லிவிட்டார்கள். டாக்டரைக் கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரிந்ததால் அவரைக் கேட்கவில்லை. தை மாதம் முழுக்க ஹேமாவதி நடந்தாள். இருநூற்று எண்பதாக இருந்த சர்க்கரை நூற்றுத் தொண்ணூறுக்கு வந்தது. மாத்திரையைக் கூட்டியதால் வந்தது என்றார் டாக்டர். புல்லால் வந்தது என்றார் ஜானகிராமன். வீட்டில் டாக்டர் இல்லை, ஜானகிராமன்தான் இருந்தார்.

"செருப்புப் போட்டுக்கிட்டு நடக்கிறேனே" என்றாள் ஹேமாவதி.

செருப்போடு நடப்பதற்குத் தெரு இருக்கிறது, புல் எதற்கு என்று கேட்டுவிட்டு, எறும்புகளை ஒழித்துக் கட்டும்வரை அவள் வாசலில் இறங்கக்கூடாது என்று உத்தரவு போட்டார்.

ஆவடித் தொழிற்சாலையில் முப்பத்து நாலு வருஷம் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருந்தவர் அவர். ஒரு உதிரிபாகத்தில் தலைமுடி அளவு பிசகு இருந்தாலும் சிவப்பு மையில் ரிஜெக்ட் முத்திரை குத்தி அனுப்பிவிடுவார். அவர் குத்திய முத்திரையை அவரே திரும்பப் பெற்றதாகச் சரித்திரம் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு அவர் கையில் மிஞ்சியிருந்தது ஒரு வீடும், ஒரு மனைவியும், இப்போது இந்தப் புல்தரையும்தான். மூன்றையும் அவர் விடாமல் சோதித்துக்கொண்டிருந்தார்.

முதலில் புற்றுகளைக் கணக்கெடுத்தார். கறிவேப்பிலை மரத்து மூலையில், மதில் ஓரமாக, சலித்த மண் குவித்த மாதிரி ஒரே ஒரு புற்றுதான் இருந்தது. பல்குத்தும் குச்சியில் காகிதம் ஒட்டி, 'ஒன்று' என்று எழுதி அதன் தலையில் குத்தினார்.

வீட்டு வேலைக்கு வரும் எல்லம்மா, மஞ்சள்தூளும் உப்பும் தூவினால் ஓடிவிடும் என்றாள். ஒரு கிலோ மஞ்சள்தூள் தூவினார். புல்தரை கல்யாண வீட்டு வாசல்படி மாதிரி ஆயிற்று. எறும்புகள் மஞ்சள் பூசிக்கொண்டு வழக்கம்போல வேலைக்குப் போய்வந்தன.

அடுத்து, அண்டாவில் வெந்நீர் காய்ச்சி ஊற்றினார். புல் வெந்தது. இரண்டு நாளில் வெந்த வட்டத்தைச் சுற்றி மூன்று புற்றுகள் முளைத்தன. ஜானகிராமன் உள்ளே போய் இன்னும் மூன்று குச்சிகளைச் சீவினார்.

பக்கத்து வீட்டு ஞானசேகரன் அந்த ஊர்க்காரர். ஒரு காலத்தில் அந்தத் தெரு முழுக்க அவர்கள் வீட்டு நெல்வயலாக இருந்தது. அவர் மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு, சர்க்கரையில் போரிக் பவுடர் கலந்து வைத்தால் எறும்பு அதைச் சுமந்துகொண்டு போய் ராணிக்கே ஊட்டிவிடும், வம்சமே அழிந்துவிடும் என்று ஆலோசனை சொன்னார். ஜானகிராமனுக்கு அது பிடித்திருந்தது. ஆனால் ஆறு வருஷமாக அந்த வீட்டுக்குள் சர்க்கரை நுழைந்ததில்லை. அரைக்கிலோ வாங்கி ஸ்கூட்டர் டிக்கியில் ஒளித்து வைத்தார். ரெயின்கோட்டைத் துவைக்க எடுக்கப்போன ஹேமாவதி அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"எனக்கு மட்டும் கசாயம், உங்களுக்கு டிக்கியில சர்க்கரையா?" என்றாள்.

எறும்புக்கு என்று சொன்னார். அவள் நம்பவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஜானகிராமன் விசாரிக்கப்பட்டார், அது அவருக்கு ஆகவில்லை. எறும்புகளோ கலவையில் இருந்த சர்க்கரையை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு போரிக் பவுடரை அவருக்கே விட்டுவிட்டுப் போயின. அந்த வாரக் கடைசியில் ஏழு குச்சிகள் நின்றன.

ஏழும் அதே மூலையில்தான். இதில் ஏதோ சூது இருக்கிறது என்று அவருக்கு அன்று பட்டது. பட்டால் விடமாட்டார். கறிவேப்பிலை மரத்துக்குப் பக்கத்திலேயே படுக்கையறை ஜன்னல். ஜன்னலுக்கு உள்ளே ஹேமாவதியின் கட்டில். சர்க்கரை நோயாளி, ஜன்னல், எறும்பு. மூன்றையும் கூட்டினால் விடை வேறு என்னவாக இருக்க முடியும்? அவள் திருட்டுத்தனமாக இனிப்புத் தின்றுவிட்டு மிச்சத்தை ஜன்னல் வழியாக எறிகிறாள்.

அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துச் சோதனை போட்டார். அரிசி டிரம்மைக் கிளறினார். தலையணை உறையைக் கழற்றினார். தையல் மெஷின் டிராயரைத் தலைகீழாகக் கொட்டினார். கடைசியில் பூஜை அலமாரியில், மாங்காட்டுக் கோயில் குங்குமப் பொட்டலத்துக்குள், ஒரே ஒரு கல்கண்டு கிடைத்தது.

அதை உள்ளங்கையில் வைத்து நீட்டியபடி நின்றார்.

"அது அம்மனுக்கு வெச்சது" என்றாள் ஈரத்தலையோடு வந்த ஹேமாவதி. "எனக்குன்னா ஒண்ணோட நிறுத்தியிருப்பேனா?"

அத்தோடு சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். மனுஷன் விடவில்லை.

"தின்னு. நல்லாத் தின்னு. உன் கால் போனா தூக்கிட்டு அலையப்போறது நான்தானே."

சொன்ன கணமே அந்த வார்த்தையை எடுத்து விழுங்கிவிட மாட்டோமா என்று இருந்தது அவருக்கு. ஆனால் குத்திய முத்திரை குத்தியதுதான். ஹேமாவதி தலையைத் துவட்டி முடித்து, கட்டிலில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவர் கேட்டதற்கு மட்டும் பதில் வந்தது, அதுவும் ஒரு வார்த்தையில். சாப்பாடு தட்டில் பாதி மிஞ்சியது. சாப்பிடாமல் மாத்திரை போட்டால் மயக்கம் வரும் என்று அவருக்குத் தெரியும். பயமாகத்தான் இருந்தது. அந்தப் பயத்தையும் அவர் எறும்பின் கணக்கிலேயே எழுதினார்.

கையும் களவுமாகப் பிடித்தால்தான் இது முடியும் என்று தீர்மானித்து, புல்தரையில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தார். காலை ஐந்தரைக்கு உட்கார்ந்தால் பத்து மணி வரைக்கும் அசையமாட்டார். பங்குனி வெயில் நாக்கை வறட்டியது. இரண்டு லிட்டர் பாட்டிலை மூன்று தடவை நிரப்ப வேண்டியிருந்தது. குடித்த தண்ணீர் இறங்கத்தானே வேண்டும், அதற்கென்று அவர் காவலை விட்டு உள்ளே போகிற ஆளில்லை. வீடு கட்டி வந்த நாளிலிருந்தே அவருக்குக் கறிவேப்பிலை மரத்தின் மறைவுதான். போர் தண்ணீர் முன்னூறு அடிக்குப் போய்விட்ட ஊரில், ஒரு சின்ன வேலைக்குப் பத்து லிட்டரை ஃப்ளஷ் பண்ணித் தள்ளுவது தேசத் துரோகம் என்பது அவர் கட்சி.

"இன்னா சார், பாதியா எளைச்சிட்டீங்கோ?" என்று மதில்மேல் இருந்து விசாரித்தார் ஞானசேகரன்.

"உழைப்பு" என்றார் ஜானகிராமன். பெல்ட்டில் இரண்டு ஓட்டை புதிதாகப் போட்டிருந்தார். அந்தக் காவல் காலத்தில் அவருக்கு இருந்த ஒரே சந்தோஷம் அதுதான்.

பத்து நாள் காவலில் ஜன்னலிலிருந்து ஒரு சுளை, ஒரு காகிதம் விழவில்லை. புற்றுகள் மட்டும் பதினொன்று ஆயின. தான் குளிக்கப் போகிற கால் மணி நேரத்தில்தான் அவள் காரியத்தை முடிக்கிறாள் என்று முடிவு செய்து, குளிப்பதை நிறுத்தினார்.

பன்னிரண்டாவது புற்று முளைத்த அன்று பொறுமை போய்விட்டது. பினாயில் இரண்டு கேன் வாங்கி வந்து, ஸ்கூட்டரிலிருந்து பெட்ரோலையும் உறிஞ்சி எடுத்து, இரண்டையும் கலந்து ஒவ்வொரு புற்றின் வாயிலும் ஊற்றினார். மூலை முழுக்கக் கறுத்துப்போயிற்று. கடைசியில் ஒழிந்தது சனியன் என்று, பல நாளைக்குப் பிறகு ஒரு தூக்கம் போட்டார்.

மத்தியானம் மூன்று மணிக்கு எழுந்து மாத்திரை கொடுக்கப் போனார். ஹேமாவதி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். மூலையிலிருந்து விரட்டப்பட்ட கூட்டம் வீட்டுச் சுவரேறி, ஜன்னலேறி, கம்பி வழியாக இறங்கி வந்து அவள் இடது காலில் குடியேறியிருந்தது. பாதமே தெரியவில்லை. சிவப்பாக ஒரு சாக்ஸ் போட்டுக்கொண்டு படுத்திருப்பது போலத்தான் இருந்தது. அது அசைந்தது.

ஜானகிராமன் இரண்டு கையாலும் வழித்தார். அவர் கையெல்லாம் நெருப்பாக எரிந்தது. அவள் கண்ணைத் திறந்து, "இப்ப என்ன தேடுறீங்க?" என்று கேட்டாள்.

ஜானகிராமன் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து அழுதார். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் ஹேமாவதி அதைப் பார்த்ததில்லை. அவளுக்கு முதலில் புரியவில்லை, பிறகு காலைப் பார்த்தாள், புரிந்தது.

இரண்டு கொப்புளம் சீழ் பிடித்தது. தினமும் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கட்டு மாற்றினார். பத்து நாள் பார்ப்போம் என்றார் டாக்டர். பத்து நாளில் ஆறாவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வாயைத் திறப்பார். "தண்ணி வேணுமா?" என்று கேட்டுவிட்டு, அவரே குடிப்பார்.

பத்தாம் நாள் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்து, தப்பித்தீர்கள், ஆறுகிறது என்றார். வீட்டுக்கு வந்ததும் ஜானகிராமன் முதல் வேலையாக எல்லம்மாவைக் கூப்பிட்டு, மண்வெட்டியைக் கையில் கொடுத்து, புல் முழுவதையும் கொத்தி எடுத்துவிடச் சொன்னார். தானும் ஒரு பக்கத்திலிருந்து கொத்தினார். புல்லும் வேண்டாம், எறும்பும் வேண்டாம், சிமெண்ட் போட்டு மூடிவிடலாம் என்று இருந்தது அவருக்கு. கூடத்து நாற்காலியை வாசலுக்கு இழுத்துப்போட்டு, கட்டுப்போட்ட காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு ஹேமாவதி பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியத்துக்குள் வாசல் வெறும் மண்ணாகிவிட்டது. கடைசியாகக் கறிவேப்பிலை மரத்து மூலைக்கு வந்தார்கள். பினாயிலும் பெட்ரோலும் ஊற்றிக் கருகிப்போன அந்த இடத்தில், பொலபொலவென்று புதுமண் தள்ளி, முன்னைவிடப் பெரிதாக ஒரு புற்று இருந்தது. எறும்புகள் சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தன.

ஜானகிராமனுக்குள் செத்துப்போயிருந்த இன்ஸ்பெக்டர் எழுந்து உட்கார்ந்தான்.

"ஹேமா, நான் திட்டமாட்டேன். சத்தியமா திட்டமாட்டேன். இப்பவாவது சொல்லிடு. இங்க என்னத்தைக் கொட்டினே?"

கோபப்படக்கூட ஹேமாவதிக்குத் தெம்பில்லை.

"அந்த ரூம்ல எறும்பு ஏறினதுல இருந்து பத்து நாளா நான் கூடத்துலதான் படுத்திருக்கேன். ஜன்னலை நீங்கதான் ஆணி அடிச்சு மூடினீங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். ஜன்னலில் அவர் அடித்த பலகை இருந்தது. நாலு மூலையிலும் நாலு ஆணி, ஒரே அளவில். முப்பத்து நாலு வருஷத்தில் தன் கணக்கு தப்பி அவர் பார்த்ததில்லை. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, அப்படியானால் இந்த எறும்புக்கு இங்கே என்னதான் கிடைக்கிறது என்று யாரிடமோ கேட்பதுபோலக் கேட்டார்.

எல்லம்மா புற்றையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கேக்கறதுக்குக் கூச்சமாத்தான் கீது. இந்த மரத்தாண்ட டெய்லி ஒண்ணுக்குப் போறது நீங்கதானே சார்?"

"ஆமா. தண்ணி மிச்சம். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

எல்லம்மா அவர் இடுப்பில் மடிந்து மடிந்து நின்ற பெல்ட்டைப் பார்த்தாள். பிறகு வாசலில் உட்கார்ந்திருந்த ஹேமாவதியைப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துச் சொன்னாள்:

"எங்க ஊட்டுக்காரருக்கு சக்கர கீதுன்னு டாக்டருக்கு முன்னாடி எறும்புதான் சார் சொல்லிச்சு, நாங்கதான் அது புரியாம எறும்புக்கு மருந்து வெச்சிகினு கெடந்தோம்."