பதினோராவது வண்டி

புதர் மறைவிலிருந்து பேன்ட்டை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு ஓட்டுநர் திரும்பி வந்தபோது, பதினொரு வண்டிகளில் பத்தைக் காணோம்.

மந்திரிக்கு இடுப்பு வலி. சற்று நடக்க வேண்டும் என்று சாலையோரம் நிறுத்தச் சொன்னார். அவர் நடந்ததால் எல்லோரும் இறங்கி நடந்தார்கள். ஓட்டுநர் மட்டும் கொஞ்சம் கூடுதலாக நடந்துவிட்டார்.

அவருடையது கடைசி வண்டி. வேறு ஏதாவது வண்டி மக்கர் செய்தால் உதவட்டும் என்று காலியாகவே வருவது. ஏழு வருடமாக அவர் தற்காலிக ஓட்டுநர். பத்தாவது வண்டியின் பின்பக்கத்தைத் தவிர வேறு எந்த ஊரையும் அவர் பார்த்ததில்லை. இன்று விழா முடிந்ததும், அவரை நிரந்தரமாக்கும் ஆர்டரில் மந்திரி கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. மேலாளர் காலையில் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தார்: "முன்னாடி போற வண்டியை மட்டும் விட்டுடாதே."

ஓட்டுநர் பாய்ந்து ஏறி வண்டியை விரட்டினார். போன் அடித்தது. மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள்.

"அப்பா, வீட்டுப்பாடம். மாடு நிறைய இருந்தா மந்தை. மரம் நிறைய இருந்தா தோப்பு. வண்டி நிறைய ஒண்ணா போனா?"

"அதைத்தாம்மா தேடிக்கிட்டிருக்கேன்."

"தினமும் அதுலதானே போறீங்க?"

"வரிசைன்னு எழுது."

"அது நாங்க தண்ணி குடிக்க நிக்கறதுப்பா!"

பின்சீட்டை மறைத்த திரைக்கு அப்பால் ஏசி கர்புர்ரென்று இழுத்தது. போன மாதம்தான் பழுது பார்த்திருந்தார்கள். ஓட்டுநர் டாஷ்போர்டில் ஓங்கி ஒரு குத்து விட்டார். சத்தம் கொஞ்சம் அடங்கியது.

வளைவில் திரும்பியதும் அவருக்கு உயிர் வந்தது. வெள்ளைக் கார்கள் பத்துப் பன்னிரண்டு, விளக்கு எரிய, ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. வாலில் ஒட்டிக்கொண்டார். மந்திரி ஏன் இப்படி ஊர்ந்து போகிறார் என்று யோசிப்பதற்குள் கார்கள் நின்றன. ஒருவர் வந்து அவருடைய பானெட்டில் மலர்வளையம் வைத்துவிட்டுக் கண்ணாடியைத் தட்டினார்.

"நீங்க எந்த வகையில சொந்தம்?"

"பின்னாடி வகையில," என்று உளறினார் ஓட்டுநர்.

அந்த மனிதர் ஜன்னல் வழியே அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். ஓட்டுநரும் சேர்ந்து அழுதார். அவருக்கும் அழக் காரணம் இருந்தது.

மறுபடி போன். "அப்பா, ஊர்வலம்னு எழுதட்டுமா?"

"அந்தப் பேச்சையே எடுக்காதே!"

ஒரு சந்தில் புகுந்து தப்பி, பெரிய சாலைக்கு வந்தார். விட்ட நேரத்தைப் பிடிக்க வேண்டுமே, கூரையிலிருந்த சுழல்விளக்கைப் போட்டார். வண்டிகள் மரியாதையாக ஒதுங்கின. ஒதுங்கியவை சும்மா இருக்குமா? திறந்த வழி கிடைத்ததென்று அவர் பின்னாலேயே சேர்ந்துகொண்டன. ரொட்டி வேன், சுற்றுலா பஸ், மெத்தை ஏற்றிய லாரி, கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஒரு அம்மாள். ஏழு வருடம் கடைசியாகப் போனவர் முதல்முறையாக முன்னால் போனார். அந்தச் சந்தோஷத்தை அனுபவிக்கத்தான் அவருக்கு நேரமில்லை.

முச்சந்தியில் நின்ற போலீஸ்காரருக்கு இப்படி ஒரு கூட்டம் வருவதாகத் தகவல் இல்லை. பதறிப்போய் ஒரு சல்யூட் அடித்துவிட்டு, காலியாக இருந்த சாலையில் அத்தனையையும் திருப்பிவிட்டார். அது காலியாக இருந்ததற்குக் காரணம், அது கல்குவாரியில் போய் முடிகிற சாலை.

பள்ளத்தின் விளிம்பில் ஓட்டுநர் பிரேக் போட்டார். பின்னால் நாற்பது வண்டிகள். திரும்ப இடமில்லை. மெத்தை லாரிக்காரர் இறங்கி வந்து கண்ணாடி வழியே குனிந்தார்.

"விழா இங்கதானா சார்? எப்ப ஆரம்பிக்குது?"

அதே நேரம் வயர்லெஸ் அலறியது. "கடைசி வண்டி எங்கே? எல்லாரும் கடைசி வண்டியைத் தேடுங்க!"

காலி வண்டிக்கு இத்தனை அக்கறையா? வேலையை விட்டுத் தூக்கத்தான் தேடுகிறார்கள் என்பது அவருக்கு நிச்சயமாகிவிட்டது. வயர்லெஸை அணைத்தார். இந்த வயதில் இனி யார் வேலை கொடுப்பார்கள்?

மனைவி கூப்பிட்டாள். "என்னங்க, ஆர்டர் கைக்கு வந்துடுச்சா?"

"ஆர்டரா? இனிமே வீட்லதான் உக்காரணும். எல்லாம் அந்த இடுப்பு பிடிச்ச மந்திரியால வந்தது! ஒரு ஆளு போறதுக்குப் பதினோரு வண்டி எதுக்கு? அந்த உடம்புக்கு ஒரு லாரி பத்தாதா?"

சொல்லி முடித்ததும் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தேம்பினார். போன் மகள் கைக்குப் போயிருந்தது.

"அப்பா, அந்த ஒண்ணுதான் பாக்கி. என்ன எழுதட்டும்?"

"காலியா விட்டுடும்மா. எல்லாம் போச்சு."

ஏசி சத்தம் நின்றுபோயிருந்தது. திரை விலகியது. கலைந்த தலையோடு, இடுப்பைப் பிடித்தபடி, மந்திரி கொட்டாவி விட்டார்.

"காலை நீட்டிப் படுக்கலாமேன்னுதான்பா இந்த வண்டியில ஏறினேன். பாப்பாவை 'தொடரணி'ன்னு எழுதச் சொல்லு. அப்படியே, என்னோடது எங்கேன்னும் சொல்லு."