மச்சான் வீட்டைத் தாண்டிப் போன பந்து

அபிஷேகப்பாக்கம்,
ஆடி மாதம், திங்கட்கிழமை காலை.

அன்பும் பெருந்தன்மையும் ஒருங்கே கொண்ட மச்சான் ராஜாமணி அவர்களுக்கு, உங்கள் தங்கை ஜோதிலட்சுமியின் கணவன் சுப்புராயன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான், ஜோதி, கல்யாணப் பெண் கீர்த்தி எல்லோரும் சுகம். அங்கே உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது, அக்காவுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது, என் மேல் உங்களுக்குள்ள கோபம் எந்த அளவில் இருக்கிறது என்பதையெல்லாம் அறிய ஆவலாக உள்ளேன்.

நான்கு நாளாக நீங்கள் ஃபோனை எடுக்கவில்லை. கீர்த்தி கூப்பிட்டபோது மட்டும் எடுத்து, "உங்கப்பன் என் வூட்டைத் தாண்டிப் போனவன். நான் கல்யாணத்துக்கு வரமாட்டேன், பட்டம் கட்ட வேற மாமன பாத்துக்க" என்று சொல்லி வைத்துவிட்டீர்களாம். அந்தப் பெண் சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தது. மச்சான், வேறு மாமனுக்கு நான் எங்கே போவேன்? ஜோதிக்குக் கூடப்பிறந்தது நீங்கள் ஒருவர்தான். தாய்மாமன் கையால் நெற்றியில் பட்டம் ஏறாமல் என் பெண்ணை எப்படி மணையில் உட்கார வைப்பேன்? ஆகவே நடந்தது என்ன என்பதை ஒன்று விடாமல் எழுதுகிறேன். பொறுமையாகப் படிக்கவும்.

எல்லாவற்றுக்கும் மூலகாரணம் அந்தப் பைதான். திருவாண்டார்கோயில் கம்பெனியில் நான் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்தபோது, எங்கள் வெளிநாட்டு மேனேஜர் ஊருக்குத் திரும்பும்போது தம் கோல்ஃப் மட்டைப் பையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார் அல்லவா, உங்களுக்கும் தெரியும், போன பொங்கலுக்கு வந்தபோது அதிலிருந்துதான் ஒட்டடைக் குச்சியை எடுத்தீர்கள். குடை, துரட்டி, கொசுவலைக் கம்பி என்று எல்லாம் அதில்தான் கிடக்கும். பெண் பார்க்க வந்த அன்று சம்பந்தி கமலக்கண்ணன் கூடத்தில் அதைப் பார்த்துவிட்டு, "அடடே, நீங்களும் ஆடுவீங்களா?" என்று கேட்டார். அவர் சென்னையில் இருபது வருடமாக ஆடுகிறவராம். கேட்ட முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அந்த நேரத்தில் கையில் கேசரித் தட்டை வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "ஏதோ, பொழுது போவணுமே" என்றேன். அப்படியானால் கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள் இருவரும் சேர்ந்து அடித்துப் பார்ப்போம் என்று அவர் சொல்லிவிட்டார். கீர்த்தி என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதவில்லை.

நம் நல்ல நேரமோ கெட்ட நேரமோ, ஊருக்கு வெளியே ஆதிமூலம் மனை போட்டிருக்கிறாரே, அது விற்காததால் ஒரு பக்கம் வலை கட்டி, கூரை போட்டு, கோல்ஃப் டிரைவிங் ரேஞ்ச் என்று போர்டு வைத்திருக்கிறார். பந்து அடிக்க வருகிறவர்களில் யாராவது இரண்டு மனை வாங்க மாட்டார்களா என்பது அவர் கணக்கு. துரட்டியையும் குடையையும் உருவிப் போட்டுவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நானும் போனேன். ஒரு கூடை பந்து கொடுப்பார்கள். நின்ற இடத்திலிருந்தே அடிக்க வேண்டும், அவ்வளவுதான். நான் கம்பெனி பழக்கத்தில் கூடையை எவ்வளவு சீக்கிரம் காலி செய்கிறோம் என்பதிலேயே குறியாக இருந்தேன். பந்து எங்கே போகிறது என்று பார்க்க எனக்கு நேரம் இல்லை. அங்கே சொல்லிக்கொடுக்கிற பெண் சகாயராணி, வில்லியனூர்க்காரி, உடற்கல்வி படித்தவள், இரண்டு நாள் பார்த்திருந்துவிட்டு மூன்றாம் நாள் வந்து கூடையைக் காலால் தள்ளி வைத்தாள்.

"அங்கிள், இன்னா பண்றீங்க? நெல்லு தூத்துறீங்களா? பந்து எங்கனா போனா போதும்னா அதுக்கு நீங்க எதுக்கு, ஆடிக் காத்தே போதுமே. ஒவ்வொரு பந்துக்கும் ஒரு விலாசம் குடுங்க. அடிக்கறதுக்கு முன்னால நின்னு, எந்த வூட்டுக்குப் போவணும்னு பாத்துட்டு அடிங்க. ஒரு வூட்டுக்கு ஒரு தடவதான். அடுத்த பந்துக்கு வேற மட்டை, வேற வூடு."

அவள் ஒரு பேச்சுக்குத்தான் வீடு என்றாள், மச்சான். ஆனால் அப்போது நம் வீட்டில் காலையும் மாலையும் வேறு பேச்சே கிடையாது. ஆடி கழிந்ததும் யார் வீட்டுக்கு முதலில் பத்திரிகை வைப்பது, யார் வீட்டுக்கு இரண்டாவது, யாரை முந்தி யாரிடம் போனால் யார் முறைத்துக்கொள்வார் என்று ஜோதி அடுக்கிக்கொண்டே இருப்பாள். எனக்குப் பளிச்சென்று வழி தெரிந்துவிட்டது. மனைக்கு மனை மஞ்சள் பெயிண்ட் அடித்த கல் நட்டிருக்கிறதே, சுண்ணாம்புக் கட்டியால் ஒவ்வொரு கல்லிலும் ஒரு சொந்தக்காரர் பெயரை எழுதிவிட்டேன். முதல் கல் குலதெய்வத்துக்கு. இரண்டாவது கல், சத்தியமாகச் சொல்கிறேன், தாய்மாமன் என்ற முறையில் தங்களுக்கு. அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் எல்லாம். அடுத்த தெருப் பங்காளிக்குச் சின்ன மட்டையால் மெதுவாக ஒரு தட்டு. ஜோதியின் பாகூர் நாத்தனாருக்கு நடு மட்டை. தங்களுக்கு ஐந்தாம் நம்பர் இரும்பு மட்டை, ஏனென்றால் உங்கள் ஊர் சோரியாங்குப்பம் தூரத்தில், எல்லையில் இருக்கிறது அல்லவா.

அதற்குப் பிறகு என் ஆட்டமே மாறிவிட்டது. குலதெய்வத்துக்கு அடிக்கும்போது செருப்பைக் கழற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு அடிப்பேன். மற்ற வீடுகளுக்கு வாசலில் நின்று கனைப்பது போல ஒரு தடவை கனைத்துக்கொள்வேன். கனைத்ததும் தோள் தளர்ந்து கொடுக்கிறது, இது எந்தப் புத்தகத்திலும் இல்லை என்று சகாயராணியே ஒப்புக்கொண்டாள். முன்பெல்லாம் ஒரு கூடை அடித்தால் இடுப்புவலிதான் மிச்சம். இப்போது பாதிக் கூடையில் சொந்தபந்தம் முழுவதையும் பார்த்துவிட்டு வந்த திருப்தி. வில்லியனூரிலிருந்து வரும் பல் டாக்டர் ஒருவர் நம் முறையைப் பார்த்துவிட்டு, வடக்கு வரிசைக் கற்களுக்குத் தம் மனைவி வழிச் சொந்தங்களின் பெயரை வைத்துக்கொண்டார். அவர் பந்துகளில் வேகம் கொஞ்சம் அதிகம்.

இப்படி நான் ஆனந்தமாக இருந்தபோதுதான் உங்கள் பங்காளி சாமிக்கண்ணு மனை பார்க்க வந்தார். வந்தவர் மனையை விட்டுவிட்டுக் கல்லைப் படித்தார். உங்கள் பெயரைப் படித்தார். அந்த நேரம் பார்த்து நான் கனைத்து, ஐந்தாம் நம்பரால் உங்களுக்கு அடித்தேன். மேல்காற்று வாரிக்கொண்டு போய்விட்டது, மச்சான். பந்து உங்கள் கல்லுக்கு மேலாகப் பறந்து, வலையின் ஓட்டை வழியாக வாய்க்காலில் போய் விழுந்தது. சாமிக்கண்ணு என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல் நேராக உங்களிடம் வந்து, தங்கை மாப்பிள்ளை உங்கள் பெயரை எழுதி வைத்து இரும்புத் தடியால் அடிக்கிறார் என்று சொல்லியிருக்கிறார். அதைக்கூட நீங்கள் சிரித்துவிட்டு விட்டீர்களாம். ஆனால் பாகூர் நாத்தனார் வீட்டு வாசலில் சரியாக நிற்கிற பந்து, உங்கள் வீட்டை மட்டும் நிற்காமல் தாண்டிப் போய்விட்டது என்றாராம். அதைத்தான் உங்களால் தாங்க முடியவில்லை.

உங்கள் கோபம் நியாயம். வீட்டு வாசல் வழியாகப் போய், உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் போவது எவ்வளவு பெரிய அவமரியாதை என்பது எனக்குத் தெரியாதா? என் வீட்டை யாராவது அப்படித் தாண்டிப் போனால் நானும் இதே போலத்தான் குதிப்பேன். ஆனால் போனது நான் இல்லை, பந்து. அதுவும் காற்று தள்ளிப் போனது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வந்தார். ஜோதி போண்டாவும் ஃபிளாஸ்கில் காபியும் எடுத்துக்கொண்டு ரேஞ்சுக்கு வந்திருந்தாள். முதலில் சம்பந்திதான் அடித்தார். அடேயப்பா, ஒவ்வொன்றும் ஆகாயத்துக்குப் போயிற்று. எங்கே விழுந்தது என்று யாரும் கேட்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. பிறகு என் முறை வந்தது. நான் செருப்பைக் கழற்றியதும் அவர் எதற்கு என்றார். சகாயராணி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள், நான் மட்டை பிடிக்கத் தொடங்கி மூன்று வாரம்தான் ஆகிறது என்பது உட்பட. ஜோதி தன் பங்குக்கு உங்கள் கோபத்தையும் சொல்லிவிட்டாள். சம்பந்தி என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், போண்டா புரையேறிவிட்டது. இருபது வருடமாக அடிக்கிறேன், ஒரு பந்தைக்கூட ஒருத்தர் வீட்டுக்கு அனுப்பணும்னு தோணலையே என்றார். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னதுதான் முக்கியம்.

"பட்டம் கட்ட மாமன் இல்லாம பொண்ண நாங்க எப்படிக் கூட்டிட்டுப் போறது? மத்த வீடெல்லாம் அப்புறம் இருக்கட்டும். முதல்ல அவர் வீட்டுக்கு அடிங்க சம்பந்தி."

எல்லோரும் என் பின்னால் வந்து நின்றார்கள். பல் டாக்டர்கூட மட்டையைக் கீழே வைத்துவிட்டார். நான் குலதெய்வத்தை நினைத்தேன், உங்களை நினைத்தேன், கீர்த்தியின் நெற்றியை நினைத்தேன். அடித்தேன். பந்து போய், உங்கள் கல்லுக்கு ஒரு சாண் தள்ளி, பெரிய வீட்டுக்கு வந்த விருந்தாளி போல அடக்கமாக நின்றது. சம்பந்தி கைதட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பந்தைக் கழுவி மஞ்சள் குங்குமம் வைத்து இத்துடன் அனுப்பியுள்ளேன். ஆடி முடியும் வரை இதையே பத்திரிகையாகப் பாவித்துக் கோபத்தை விட்டுவிட வேண்டும். ஆவணி பிறந்ததும் குலதெய்வத்துக்கு அடுத்தபடி உங்கள் வாசலில்தான் தட்டோடு நிற்போம்.

அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி, எல்லாம் நோய் நொடி இல்லாமல் வளர வேண்டும். சாமிக்கண்ணுவுக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும், ஆனால் அதிகம் சொல்ல வேண்டாம்.

என்றும் தங்கள் அன்புக்குக் காத்திருக்கும்,
சுப்புராயன்.

பி.கு.: உறையை ஒட்டும் முன் ஜோதி வந்து, "எங்கண்ணனுக்கு இன்னா எழுதிக்கிறீங்க, படிங்க கேப்போம்" என்றாள். படித்தேன். கல்லுக்கு ஒரு சாண் தள்ளி என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லி, அந்தப் பந்தை அடித்தது யார் என்று கேட்டாள். ஆகவே உண்மையை எழுதுகிறேன். நான் அடித்த பந்து ஆதிமூலத்தின் போர்டில் பட்டு, சம்பந்தியின் கார் கண்ணாடியை உடைத்துவிட்டது. எல்லோரும் கார் பக்கம் ஓடியபோது, ஜோதி ஃபிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என் கையிலிருந்து மட்டையைப் பிடுங்கினாள். "எங்கண்ணன் வூட்டுக்கு வழி எனக்குத் தெரியாதா?" என்றாள். அவள் அடித்தது பறக்கவே இல்லை, மச்சான். தரையோடு தரையாக, புல்லில் தடுமாறி, எல்லா மனையையும் சுற்றிக்கொண்டு போய் உங்கள் கல்லருகில் நின்றது. கண் கலங்கியதும் நான் இல்லை. அவள் கல்லருகில் போய் உட்கார்ந்து அழுதாள்.

பந்தைத் தர மாட்டேன் என்கிறாள், ஆகவே உறையில் பந்து இல்லை. ஆடியாவது ஆவணியாவது, பிறந்த வீட்டுக்குப் போவதற்கு எனக்கு நாள் பார்க்க வேண்டுமா என்று கேட்டுவிட்டு ஸ்கூட்டரை வெளியே எடுத்து நிறுத்தி, இப்போது ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறாள். ஓட்டப்போவது அவள்தான். கடிதத்தை நானே கையோடு கொண்டுவருகிறேன். நீங்கள் படிக்க வேண்டாம், கதவைத் திறந்தால் போதும்.