சொந்தமில்லாத ஒரே ஒரு ஆள்

வேலை பார்க்கிறான் என்றும் சொல்ல முடியாது, வேலை இல்லாமல் இருக்கிறான் என்றும் சொல்லிவிட முடியாது; கல்யாண வீட்டில் யாராவது "தம்பி என்ன பண்ணுது?" என்று கேட்டால் விளக்குவதற்கு அரை மணி நேரமும் ஒரு லேப்டாப்பும் வேண்டும். இப்படி ஒரு இனம் நம் பக்கம் பெருகிக்கொண்டிருக்கிறது. பவுண்டர், அதாவது நிறுவனர், என்று பெயர். பெங்களூரில் மட்டும்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தீர்களா? தென்காசிக்கு வந்து வருஷக்கணக்காகிறது ஐயா.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். சித்திரை வெயிலிலும் ஹூடி போட்டிருக்கும். "எப்படிப் போகுது?" என்று கேட்டால் "ஸ்கேல் பண்ணிக்கிட்டு இருக்கோம்" என்று பன்மையில் பதில் சொல்லும், அந்தப் பன்மையில் இன்னொருவர் யார் என்று நாம் கேட்கக் கூடாது. காதுகுத்து, சடங்கு வீடு, எழவு வீடு, எதற்குப் போய் வந்தாலும் அதிலிருந்து தொழில்முனைவோருக்கான பாடங்களைப் பிழிந்து லிங்க்ட்இன்னில் ஊற்றாமல் அதற்குத் தூக்கம் வராது. பெரியப்பாவைச் சுடுகாட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்து, ஈரத்தலை காய்வதற்குள், 'டீம் ஒர்க் என்றால் என்னவென்று இன்று நான்கு பேர் எனக்குக் கற்றுத் தந்தார்கள்' என்று எழுதியவன்தான் நம் புவனேஷ்.

இந்தப் புவனேஷ் சென்னையில் ஒரு கம்பெனியில் ஒழுங்காகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவன். ஒரு சாரல் காலத்தில் மேனேஜர், பழைய ஹாஸ்டல் கூட்டாளி, வீட்டுக்காரரின் மைத்துனர் என்று ஒருவர் மாற்றி ஒருவர் அவனைப் பிடித்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "குற்றாலத்துல தண்ணி விழுதா?" தென்காசிக்காரனாகப் பிறந்த எல்லோருக்கும் ஆனியிலும் ஆடியிலும் வருகிற தொல்லைதான். மற்றவர்கள் "விழுது, வாங்க" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். புவனேஷுக்குப் பொறி தட்டிவிட்டது. வேலையை விட்டான், ஊருக்கு வந்தான், அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று சொல்லுவதற்கு ஒரு ஆப் செய்தான். ஆப்புக்குப் பெயர் 'விழுதா'.

அதற்குத் தகவல் எங்கிருந்து வருகிறது? 'களத்திலிருந்து நேரடித் தரவு' என்பான். அந்த நேரடித் தரவின் பெயர் சுடலைக்கண்ணு. புவனேஷின் சித்தப்பா. மெயினருவிப் பக்கம் நேந்திரங்காய்ச் சிப்ஸ் கடை போட்டிருப்பவர். காலையில் எழுந்ததும் நம் பவுண்டர் அவருக்குப் போன் போட்டு, "சித்தப்பா, தண்ணி விழுதா?" என்பான். ஆமாம், அதே கேள்விதான்!

"அருமையா விழுதுலே. ஆளுகளை வரச் சொல்லு" என்பார் அவர்.

பாறை காய்ந்து கிடந்தாலும் இதைத்தான் சொல்லுவார். கூட்டம் வந்தால்தானே சிப்ஸ் போகும்?

ஆப்பை இறக்கியவர்கள் நூற்றுச் சொச்சம் பேர். அத்தனை பேரும் சொந்தம். வடகரைக் கோயில் கொடைத் திருவிழாவில் புவனேஷின் அம்மா ஆவுடைத்தாய் ஒவ்வொருவர் கையிலிருந்தும் போனைப் பிடுங்கி ஏற்றிவிட்ட ஆப் அது. அவர்களும் விசுவாசமாகத் திறந்து பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, "ஆப்புல விழுதுன்னு போட்டுருக்கே, உள்ளதுதானா?" என்று சுடலைக்கண்ணுவுக்கே போன் போடுவார்கள். பவுண்டர்கள் பாஷையில் இதற்கு 'எங்கேஜ்மென்ட்' என்று பெயர்.

அந்த வீட்டில் நிஜமாகவே வேலைக்குப் போய் வருகிறவள் புவனேஷின் மனைவி இசக்கிசெல்வி. வங்கியில் வேலை. போன வருஷம் அவளுக்கு மேனேஜர் பதவி உயர்வு வந்தது, கோயம்புத்தூருக்கு. பவுண்டர் தன் சந்தையை விட்டு நகர முடியாது என்று சொல்லிவிட்டதால், 'வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வெளியே அவள் போட்டோவைப் போட்டு, 'என் வெற்றிக்குப் பின்னால்' என்று ஒரு பதிவு தயாராகிக்கொண்டிருந்தது. என்ன வெற்றி என்று யாரும் கேட்கவில்லை.

இந்த வருஷம் மறுபடியும் வந்தது பதவி உயர்வு.

"இங்க பாருங்க" என்றாள். "நமக்குச் சொந்தமில்லாத ஒரே ஒரு ஆளு, யாரும் சொல்லாம தானா இந்த ஆப்பை இறக்கி, அதைப் பாத்து அருவிக்கு வந்தார்னு ஆடி முடியதுக்குள்ள காட்டுங்க. இந்தத் தடவையும் வேண்டாம்னு எழுதிக் குடுத்துருதேன். இல்லைன்னா கோயம்புத்தூருக்கு மூட்டையைக் கட்டணும். அங்கன வந்து நீங்க வேலை தேடணும்."

"ஒரே ஒரு ஆளா? என்னட்டி இவ்வளவு சின்ன டார்கெட் குடுக்கே!" என்று சிரித்தான் புவனேஷ். சிரித்தானே தவிர, தோற்றால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். தென்காசியில் அவன் பவுண்டர். கோயம்புத்தூரில் மேனேஜரம்மா வீட்டுக்காரர்.

ஆடி ஓடியது. ஆலங்குளத்தில் ஒருவன் தானாக இறக்கியிருந்தான். விசாரித்தால் அத்தை பேரன். செங்கோட்டையில் ஒருத்தி அகப்பட்டாள், மதினிக்குத் தங்கச்சி. இந்த ஜில்லாவில் அந்நியன் ஒருவனைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எந்தப் பிசினஸ் புத்தகமும் அவனுக்குச் சொல்லவில்லை.

ஆடிக் கடைசி ஞாயிறு. புவனேஷும் இசக்கிசெல்வியும் சிப்ஸ் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். தோளில் காய்ந்த துண்டோடு ஒருவர் பாய்ந்து வந்தார்.

"யாருய்யா இந்த விழுதா ஆப் வச்சிருக்கிறவன்? அருமையா விழுதுன்னு போட்டிருக்கானேன்னு மதுரையிலருந்து பிள்ளகுட்டியக் கூட்டிட்டு வந்தா, எங்க வீட்டுக் குழாயில இதைவிட நல்லா வருது!"

சுடலைக்கண்ணு சிப்ஸ் மூட்டைக்குப் பின்னால் பதுங்கிவிட்டார். புவனேஷுக்கோ காதில் தேன். மதுரைக்காரர்! வண்டி நம்பரும் மதுரை!

"சார், யாரு சொல்லி இதை இறக்குனீங்க?" என்று இசக்கிசெல்விதான் கேட்டாள்.

"யாரு சொல்லணும்? குற்றாலம்னு தட்டினேன், வந்து தொலைச்சிருச்சு."

அவள் முகம் சுண்டிப்போயிற்று. கீழே பார்த்துக்கொண்டே, "சரிங்க. நாளைக்கு எழுதிக் குடுத்துருதேன்" என்று புருஷனிடம் சொன்னாள். சொன்ன சொல் மாறுகிறவள் இல்லை அவள்.

ஜெயித்தாகிவிட்டது. ஒரு 'ஸாரி சார்' சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் மதுரைக்காரர் ஒற்றை நட்சத்திரம் போடுவதற்குப் போனைத் தூக்கிவிட்டாரே! கோபமாய் நிற்கிற ஆளை அடக்க நம் பக்கத்தில் ஒரு வழிதான் உண்டு. பஸ்ஸில் ஸீட்டுச் சண்டைக்கும் அதுதான், வயலில் வரப்புச் சண்டைக்கும் அதுதான். பெரிய பெரிய கோர்ஸெல்லாம் படித்த புவனேஷின் வாயில் அந்த நேரத்தில் அதுதான் வந்தது.

"அண்ணாச்சி, கோவப்படாதீங்க. உங்களுக்குப் பூர்வீகமே மதுரைதானா?"

"பூர்வீகம் இங்கதான், சுந்தரபாண்டியபுரம். அப்பா காலத்துலயே மதுரைக்குப் போயிட்டோம்."

"அட, எங்க அம்மை பொறந்த ஊருல்லா அது! எந்தத் தெரு?"

இசக்கிசெல்வி தலையை நிமிர்த்தினாள்.

"மேலத்தெரு. சிவனணைந்தபெருமாள் மகன் நான்."

"மேலத்தெரு சிவனணைந்தபெருமாள் மாமாவா! எங்க அம்மைக்குச் சித்தப்பா மகன்லா அவரு! அப்ப நீங்க எனக்கு மச்சான்லா!"

கட்டிப் பிடித்துக்கொண்டான். கோபம் போன இடம் தெரியவில்லை. ஒற்றை நட்சத்திரம் அஞ்சாயிற்று. "வாரும் மருமகனே!" என்று மூட்டைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்த சுடலைக்கண்ணு, சூடாக ஒரு பொட்டலம் சிப்ஸை அவர் கையில் திணித்தார்.

"வாங்க அண்ணே" என்றாள் இசக்கிசெல்வி. ஒரு மாதமாக யாரும் பார்க்காத சிரிப்பு அவள் முகம் கொள்ளாமல் இருந்தது. "அண்ணியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு கோயம்புத்தூருக்கு ஒரு நாள் வரணும்."

மச்சானின் தோளில் கிடந்த புவனேஷின் கை அப்போதுதான் மெல்லக் கீழே இறங்கியது.

மறுநாள் லிங்க்ட்இன்னில் அறிவிப்பு வந்தது: 'கோயம்புத்தூரில் கால் பதிக்கிறோம்!' சொந்தக்காரர்கள் நூற்றுச் சொச்சம் பேரும் வாழ்த்தினார்கள். முதல் வாழ்த்து மதுரை மச்சானுடையது.

கோயம்புத்தூர் பஸ் கடையநல்லூரைத் தாண்டவில்லை, பவுண்டர் நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஏட்டி, ஒரு ஐடியா. ரெண்டு பேரு ஊரையும் பேரையும் போட்டா, ஒருத்தருக்கொருத்தர் என்ன சொந்தம்னு சொல்லுத மாதிரி ஒரு ஆப் பண்ணினா எப்படி?"

"திங்கக்கிழமை உங்களுக்கு இன்டர்வியூ இருக்கு" என்று சொல்லிவிட்டு, மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் சிப்ஸ் கடை வாசலில் மச்சானும் மருமகனும் அண்ணனும் முளைத்துக்கொண்டிருந்தபோதே, 'இதுக்கு ஒரு ஆப் இருந்தா நல்லாருக்குமே' என்று உங்களுக்கு ஒரு நிமிஷம் தோன்றியதா இல்லையா? உள்ளதைச் சொல்லுங்கள். தோன்றியிருந்தால் முதலில் வீட்டில் சொல்லிவிடுங்கள். பாவம், தங்களுக்கு வந்த பதவி உயர்வை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடப் போகிறார்கள்.