வேனில் மாட்டிய பெட்டியைக் கழற்றிக்கொண்டு போவது பற்றி

விஜயபுரம்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை ஹேமநாத் அவர்களுக்கு, மாமனார் நரசிம்மன் எழுதுவது. நானும் உங்கள் அத்தை தாட்சாயணியும் சௌக்கியம். வேர்க்கடலை பிடுங்கியாயிற்று. ஸ்ரீ சிட்டியில் நீங்களும் மகள் பவ்யாவும் வேளைக்குச் சாப்பிடுவதாக நம்புகிறேன். போனில் சொன்னால் சிரிப்பீர்கள் என்பதால் காகிதத்தில் எழுதுகிறேன்.

போன மாதம் உங்கள் கம்பெனி சோதனைக்கென்று எங்கள் வேனில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று கேமரா மாட்டி, ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு பெட்டியும் வைத்துவிட்டுப் போனீர்கள். வண்டி ஓடும்போது படத்தில் மரம், கம்பம், வீடு எல்லாமே ஓடுவது போலத் தெரியும், அந்த ஓட்டத்தைக் கழித்துவிட்டு, தானாக நகர்வதை மட்டும் பெட்டி கண்டுபிடித்துச் சிவப்புக் கட்டம் போட்டுக் கூவும் என்றீர்கள். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவனுக்கு இதைச் சொல்ல ஒரு பெட்டியா என்று கேட்க வாயெடுத்தேன். மாப்பிள்ளை என்பதால் கேட்கவில்லை.

முதல் வாரமே கொடியில் காயப்போட்டுக் காற்றில் ஆடிய சேலைக்கெல்லாம் கூவியது. நடுரோட்டில் படுத்திருந்த எருமைக்குக் கூவவில்லை. நான் இறங்கிப் போய்த் தட்டி எழுப்பி, அது நடக்க ஆரம்பித்த பிறகு எனக்குப் புதிதாகச் செய்தி சொல்வது போலக் கூவியது. அதையும் பொறுத்தேன். வியாழக்கிழமை நாராயணவனத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில், புத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் பூ வாங்க நிறுத்தினோம். பக்கத்தில் ஒரு திருப்பதி பஸ். பூவை வாங்கி ஏறி உட்கார்ந்தால், எங்கள் வேன் பின்னால் உருள்கிறது. பிரேக்கை மிதித்தேன், ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், நிற்கவில்லை. கதவைத் திறந்து குதிக்கும்படி உங்கள் அத்தையிடம் சொன்னேன். அவள் பூவைத் தலையில் வைத்துக்கொண்டே, "வண்டி நின்னுக்கினுதான் கீது. அந்த பஸ்ஸுதான் முன்னால போவுது" என்றாள். பெட்டியைப் பார்த்தால் பஸ்ஸைச் சுற்றி மட்டும் சிவப்புக் கட்டம். அந்த பஸ் படியில் நின்றவர் என்னோடு வேலை பார்த்த கண்டக்டர் லோகேஸ்வரன். "ஏமண்ணா, நிக்கிற வண்டிக்கே பிரேக்கா?" என்று கேட்டுக்கொண்டே போனார். கல்யாணப் பந்திக்கு எனக்கு முன்பே செய்தி வந்து உட்கார்ந்திருந்தது.

எனவே வருகிற ஞாயிறு வந்து பெட்டியைக் கழற்றிக்கொண்டு போகவும். என் கண்ணும் கண்ணாடியும் எனக்குப் போதும். இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
நரசிம்மன்

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்க்கக் கிளம்பி வேனைப் பின்னால் எடுத்தேன். கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. பெட்டி கூவியது. சேலையாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன், ஆனாலும் கால் பிரேக்குக்குப் போய்விட்டது. இறங்கிப் பார்த்தேன். சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி உங்கள் அத்தை குந்திக்கொண்டு, சிந்திய வேர்க்கடலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இன்ஜின் சத்தம் கேட்கவில்லையா என்றேன். "கேட்டுச்சு. நீதானே ஓட்டறேன்னு உக்காந்துக்கினு இருந்தேன்" என்றாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் வேர்க்கடலை பொறுக்கினேன்.

பெட்டி இருக்கட்டும். அது கூவித்தான் பிரேக் போட்டேன் என்று அவளிடம் மட்டும் சொல்ல வேண்டாம்.