பேட்டரி இல்லாமல் ஜெயித்த ராஜா

ஒரு காட்டில் கரண்ட் வந்த மறுநாளே வீடியோ கேமும் வந்துவிட்டது. ரோடு இன்னும் வரவில்லை. அதனால் யாருக்கும் ஒன்றும் குறையவில்லை.

அந்தக் காட்டுக்கும் பக்கத்துக் காட்டுக்கும் தண்ணீர்த் தகராறு. நடுவில் இருப்பது ஒரே ஒரு குட்டை. முன்பெல்லாம் கடித்துக் குதறித் தீர்த்துக்கொள்வார்கள். இப்போது ஒரு சண்டை கேம். திரையில் இரண்டு பயில்வான்கள். ஒருவன் விழுந்தால்தான் ஆட்டம் முடியும். ஜெயித்த காட்டுக்குக் கோடை முழுக்கக் குட்டை. தோற்ற காடு மூன்று மலை தாண்டி ஆற்றுக்கு நடக்கணும். ஆட்டம் முடிகிறவரை யாரும் குட்டையில் வாய் வைக்கக் கூடாது.

இங்கே ஒழுங்காக ஆடத் தெரிந்தது கீரிக்கு மட்டும்தான். பாம்போடு பழகிய கை. எதிரி அசைவதற்குள் நகர்ந்துவிடும். மற்றதெல்லாம் பார்க்கிற கூட்டம். பார்ப்பது மட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். நன்றாக ஆடுகிறவரை வாயை மூடிக்கொண்டு பார்ப்பது தனி சுகம். ஆனால் பின்னால் நின்று "குதி! உதை! ஐயோ, இடது பக்கம்!" என்று கத்துகிற குரங்குகள் இருக்கே, அதுகளிடம் கொடுத்துப் பாருங்கள். முதல் நிமிஷமே பயில்வானைச் சுவரில் முட்ட வைக்கும்.

போட்டியன்று சிங்கம் வந்து நடுவில் உட்கார்ந்தது.

"கன்ட்ரோலரைக் குடு. ராஜா நான் இருக்கும்போது கீரியா ஆடுறது?"

சிங்கத்தின் ஒரு விரல் நாலு பட்டனைச் சேர்த்து அமுக்கும். தண்ணீர் போச்சு என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அதை ராஜாவிடம் யார் சொல்வது?

நரி கீரியின் காதில் கேட்டது. "வீட்ல உன் தம்பி எனக்கும் குடுன்னு அழுதா என்ன பண்ணுவ?"

"பேட்டரியைக் கழட்டிட்டு ஒரு கன்ட்ரோலரைக் கையில குடுப்பேன்."

"அப்புறம் என்ன யோசனை?"

கொடுத்தார்கள். சிங்கம் முன்னால் உட்கார்ந்து அமுக்கு அமுக்கு என்று அமுக்கியது. கீரி பின்னால் ஒளிந்து வேறொரு கன்ட்ரோலரில் ஆடியது. பக்கத்துக் காட்டுப் புலியின் பயில்வான் மூன்றே நிமிஷத்தில் மல்லாந்தான்.

"பாத்தீங்களாடா என் கையை!" என்று சிங்கம் கர்ஜித்தது.

அந்தப் பெருமைக்குரிய கன்ட்ரோலரைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க முள்ளம்பன்றி எடுத்தது. "என்ன ராஜா, இவ்ளோ லேசா இருக்கு?" மூடியைத் திறந்தால் உள்ளே காலி.

கீரி முன்னால் வந்தது. "நான்தான் ஆடினேன் ராஜா. உங்களோடது வேலையே செய்யல."

பாடப் புத்தகமாக இருந்தால் சிங்கம் இங்கே வெட்கப்பட்டுக் கீரியை மந்திரி ஆக்கும். இந்தச் சிங்கம் கொஞ்ச நேரம் யோசித்தது.

"அப்போ... பேட்டரியே இல்லாம ஜெயிச்சிருக்கேன்!"

குரங்குகள் மரத்திலிருந்து பொத்தென்று விழுந்து கும்பிட்டன. நரியும் கும்பிட்டது. கும்பிட்டுக்கொண்டே, "பொறாமைக்கும் ஒரு அளவு வேணாமா கீரி?" என்றது.

கீரிக்கு ஆயுள் தடை. பேட்டரி போடுவது கோழைத்தனம் என்று சட்டமும் வந்தது. செய்தி பக்கத்துக் காட்டுக்குப் போனதும், புலியும் ரோஷத்தில் தன் பேட்டரியைக் கழற்றி எறிந்தது.

அடுத்த கோடை, அடுத்த போட்டி. திரையில் இரண்டு பயில்வான்களும் நின்றார்கள். நின்றுகொண்டே இருந்தார்கள்.

"என்னா பொறுமைடா!" என்றது ஒரு குரங்கு.

"எதிராளி பயந்துட்டான் மச்சி, கையே தூக்கல பாரு!" என்றது இன்னொன்று.

மூன்றாம் நாள் கீரிக்குப் பொறுக்கவில்லை. "ஒண்ணுமே நடக்கலையே! அங்க மானுக்கெல்லாம் நாக்குத் தள்ளுது. ஒரே நிமிஷம் என்கிட்ட குடுங்க, முடிச்சிடறேன்."

"உஷ்! உனக்கு கேமைப் பத்தி என்ன தெரியும்? உக்காந்து பாரு, இல்லன்னா கிளம்பு" என்றன குரங்குகள்.

கீரி கிளம்பிவிட்டது.

ஆறாம் நாள் வெயிலில் குட்டை வற்றிப்போனது. அதை யாரும் கவனிக்கவில்லை. ஆட்டம் அவ்வளவு விறுவிறுப்பு.

நீதி: ஆடத் தெரிந்தவரைத் துரத்திவிடுங்கள். அப்புறம் உங்களை யாராலும் தோற்கடிக்க முடியாது.