இரு நாடுகளும் ஒரு தட்டும்

"இந்தத் தட்டு என்ரை குசினிக்குள்ளை எப்பிடி வந்தது?"

இடக் கதவுத் தூதர் தட்டைத் தூக்கிப் பிடித்துக் கேட்டபோது செலஸ்ரீனாவின் வாயில் பாதி றோல்ஸ் இருந்தது. பொய் சொல்வதா, விழுங்குவதா? முதலில் விழுங்கினாள்.

தட்டின் நடுவில் நீலத்தில் ஒரு காட்டாடு. அது வலக் கதவு நாட்டின் சின்னம்.

பலெர்மோவில் பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் உள்ள அந்தப் பழைய கட்டடத்தை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மூன்றாம் மாடியில் எதிரெதிரே இரண்டு கதவு. கதவுக்கொரு பித்தளைப் பலகை, பலகைக்கொரு கௌரவத் தூதர். நாடுகளின் பெயர் வேண்டாம், எனக்கேன் வம்பு? வரைபடத்தில் ஒரு பெருவிரலை வைத்தால் இரண்டும் சேர்ந்தே மறைந்துவிடும். அவ்வளவு சின்னது, அவ்வளவு பக்கம். ஆனால் தூதர்கள் இருவருக்கும் ஆகவே ஆகாது. ஒருவர் லிப்டில் ஏறினால் மற்றவர் படியால் இறங்குவார்.

மன்னார்க்காரி செலஸ்ரீனாவுக்குக் காலமை வலத்தில் வேலை, பின்னேரம் இடத்தில். மூன்று வருடமாக இரண்டு வீட்டையும் ஒன்றுக்கொன்று தெரியாமல் ஓட்டுகிறாள். மத்தியானத்தில் வலக் கதவால் வந்து, கீழே இறங்கி, தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, மூச்சு வாங்க மறுபடி மூன்று மாடி ஏறி இடக் கதவைத் தட்டுவாள். இத்தனைக்கும் நடுவில் நான்கு எட்டுத்தான்.

என்ன செய்வது? இன்னும் மூன்று வாரத்தில் அவளுடைய பெர்மெஸ்ஸோ, இத்தாலியில் தங்குகிற அனுமதி, முடிகிறது. முதலாளி ஒருவர் கையெழுத்து வைத்த வேலைக் கடிதம் இல்லாமல் போனால் குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலகத்தில் புதுப்பிக்க மாட்டார்கள். பிறகு பலெர்மோவும் இல்லை, ஊருக்கு அனுப்புகிற காசும் இல்லை. கடிதம் தருவதாக இரண்டு தூதர்களும் தனித்தனியே சொல்லியிருந்தார்கள். கூடவே ஒரே எச்சரிக்கை:

"எதிர்க் கதவுக்குள்ளை கால் வைச்சாய் எண்டு கேள்விப்பட்டால், கடிதத்தை மறந்திடு."

அன்று சாப்பாட்டுப் பெட்டி உடைந்துபோனதால் றோல்ஸை வலத்துத் தட்டில் எடுத்து வந்திருந்தாள். அவ்வளவுதான் குற்றம்.

"பக்கத்து வீட்டாக்கள் குடுத்தவை ஐயா. வாசல்லை வைச்சுத் தந்தவை."

"அவனா? எனக்கா?" என்றவர் மிச்சம் இருந்த மூன்றையும் தின்றுவிட்டு, "கழுவித் திருப்பிக் குடு" என்றார்.

கழுவினாள். மறுநாள் சத்தமில்லாமல் வலத்து அலுமாரியில் வைத்திருந்தால் கதை முடிந்திருக்கும். வைக்கவில்லை. இடத்துக் குசினியில் இருந்து ஆறு வாதுமை பிஸ்கற்றை அடுக்கித்தான் கொண்டுபோனாள்.

போர்கோ வெக்கியோவில் அவளோடு அறையில் இருக்கிற யோசப்பின் இதைக் கேட்டுத் தலையில் கை வைத்தாள். "விசரி! சும்மா வைச்சிருக்கலாமே?"

"அடுத்த வீட்டுத் தட்டை வெறுமனை எப்பிடியடி குடுக்கிறது? மன்னாரிலை என்ன கதைப்பினம்?"

"மன்னாரிலை இருந்து ஆரடி எட்டிப் பாக்கினம்?"

பார்த்தது வலத்துத் தூதர். பிஸ்கற்றைக் கடித்துக்கொண்டே, "அவனே அனுப்பினானா? அப்ப நாங்கள் என்ன குறைவா?" என்று தட்டு நிறையக் கன்னோலி இனிப்பு வைத்துத் திருப்பச் சொன்னார். இடத்தார் அதற்குப் பொரித்த கணவாய் அனுப்பினார். வலத்தார் கத்தரிக்காய் அனுப்பினார். பொரித்தது யார், நறுக்கியது யார், தட்டோடு மூன்று மாடி இறங்கி ஏறியது யார்? எல்லாம் ஒருத்திதான். பத்து நாளில் அவளுக்குத் தட்டைக் கண்டாலே பத்திக்கொண்டு வந்தது.

பதினோராம் நாள், இரு நாட்டு நட்புறவு ஒத்துழைப்பு ஆணைக்குழுவிலிருந்து ஓர் அதிகாரி வலத்துக் கதவுக்கு வந்தார். தூதர் குளித்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கணவாய்?"

"எதிர் வீட்டிலை இருந்து வந்தது ஐயா."

"இவை ரெண்டு பேருக்கும் சண்டையெண்டெல்லோ சொன்னவை?"

தட்டுப் பொய்யைக் காப்பாற்ற வேண்டாமா? "சண்டையோ! ஒரே தட்டிலை சாப்பிடாத குறை ஐயா."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "அருமை! அப்ப ரெண்டு அலுவலகம் எதுக்கு? ஒண்டை மூடலாம். வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லாரும் ஒண்டாச் சாப்பிட்டு முடிவெடுப்பம்."

செலஸ்ரீனா கணக்குப் போட்டுப் பார்த்தாள். மூடுகிற கதவுக்காரர் கடிதம் தரமாட்டார். மிஞ்சுகிறவர் உண்மை தெரிந்து தரமாட்டார்.

வெள்ளிக்கிழமை இரண்டு கதவையும் திறந்து நடுவில் மேசை போட்டார்கள். இரண்டு பக்கமிருந்தும் ஒரே குரலில், "செலஸ்ரீனா!"

எந்தப் பக்கம் திரும்புவது? அவள் நடுவில் நின்றாள். கையில் அந்தத் தட்டு.

"என்ரை தட்டு! திருடன்!" என்று பாய்ந்தார் வலத்தார்.

"உன்ரை கன்னோலி புளிச்சது! நாய் கூட மோந்து பாக்காது!"

"என்ரை வேலைக்காரியையும் களவெடுத்திட்டாய்!"

"உன்ரையோ? என்ரை!"

இருவரும் ஆளுக்கொரு பக்கம் தட்டைப் பிடித்து இழுத்தார்கள். காட்டாடு தரையில் விழுந்து நாலாக உடைந்தது. அதிகாரி பயந்து, "ரெண்டு அலுவலகமும் இருக்கட்டும், இருக்கட்டும்!" என்று எழுதிக்கொண்டு படியால் ஓடினார். கதவுகள் இரண்டும் படாரென்று சாத்திக்கொண்டன.

செலஸ்ரீனா அழுதுகொண்டே கீழே இறங்கினாள். வாயிற்காவல் சிஞ்ஞோரா ரொசாலியா தன் மேசைக்குப் பின்னாலிருந்து ஒரு கடித உறையை நீட்டினாள்.

"இந்தா உன்ரை கடிதம். காலமையே தந்திட்டுப் போட்டினம்."

பிரித்தாள். கீழே வலத்தாரின் கையெழுத்து. அதற்கும் கீழே, சாட்சியாக, இடத்தாரின் கையெழுத்து.

"சிஞ்ஞோரா, இதென்ன? இவைக்கு ஆகாதெல்லோ?"

"ஆகுமெண்டு ஆணைக்குழுவுக்குத் தெரிஞ்சால் ஒரு கதவை மூடிப்போடுவினமே! மூண்டு வருஷத்துக்கு முந்தி, உனக்குக் காலமை எந்தக் கதவு, பின்னேரம் எந்தக் கதவு எண்டு ரெண்டு பேரும் காசு சுண்டிப் பாத்தது இந்த மேசையிலைதானடி, பிள்ளை."