நிழல் தின்னும் பூனை மீது நடந்த விசாரணை

உலகில் எத்தனையோ பள்ளிகளில் நூலகம் இருக்கிறது. ஆனால் புத்தகங்களைப் பிள்ளைகளிடமிருந்து காப்பாற்றிய பெருமை, இராமேஸ்வரம் தீவில் உள்ள எங்கள் பள்ளிக்கே உரியது. நூலகம் திறந்த நாள் முதல் ஒரு பக்கம் மடங்கியதில்லை, ஓர் அட்டை கிழிந்ததில்லை. கண்ணாடி அலமாரி, அதற்கு ஒரு பூட்டு, சாவி தலைமையாசிரியர் உக்கிரபாண்டி அவர்களின் சட்டைப்பையில். நூலகப் பொறுப்பாளர் கணக்காசிரியர் ராமசுப்பிரமணியனாகிய நான். அலமாரியின் வெளிப்புறத்தை அவ்வப்போது துடைப்பது என் 'பொறுப்பு'.

இப்படிப்பட்ட நிறுவனத்துக்கும் ஒரு சோதனை வந்தது.

'வாசிப்பு வார'த்தை முன்னிட்டுப் புகைப்படம் எடுப்பதற்காக அலமாரியைத் திறந்தோம். பிள்ளைகள் ஆளுக்கொரு புத்தகத்தை விரித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தார்கள். ஏழாம் வகுப்பு பிரெசில்லா மட்டும் கேமராவைப் பார்க்கவில்லை. மற்றவர்கள் நடித்துக்கொண்டிருந்த காரியத்தை அவள் உண்மையாகவே செய்துகொண்டிருந்தாள். படம் எடுத்து முடிந்ததும் புத்தகங்களை வாங்கி அடுக்கினேன். ஒன்று குறைந்ததை நான் கவனிக்கவில்லை.

மறுநாள் என் வகுப்பில், பின்னங்களைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, "ஐயோ" என்று ஓர் அலறல். பின்னத்துக்கு யாரும் அவ்வளவு உணர்ச்சிவசப்படுவதில்லை. போய்ப் பார்த்தால், பிரெசில்லாவின் கணக்குப் புத்தகத்துக்குள் 'நிழல் தின்னும் பூனை' என்ற பேய்க்கதை. பிடுங்கினேன்.

மாணவி ஒருத்தி புத்தகத்தை அனுபவித்துப் படித்த குற்றத்தை விசாரிக்கத் தலைமையாசிரியர், தமிழாசிரியை கிறிஸ்டினா, நான் ஆகிய மூவர் கொண்ட குழு அன்றைக்கே அமைந்தது. அக்காள்மடத்தில் மீன்பிடித் தொழில் செய்யும் அவளுடைய தகப்பனார் இன்னாசியும் வரவழைக்கப்பட்டார்.

தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார். "இதப் படிச்சதுல என்ன பயன்?"

"பயம் சார்," என்றாள் பிரெசில்லா.

"பயன் என்னன்னு கேக்குறேன்."

"அதான் சார், பயம். நல்ல பயம். முதுகுல சில்லுன்னு ஏறும். மூடி வைக்கவே மனசு வராது."

கிறிஸ்டினா டீச்சர் அவளைக் காப்பாற்றப் பார்த்தார். "கதையில நீதி ஏதாச்சும் இருக்கும்ல?"

"இதுவரைக்கும் வரல டீச்சர். வராதுன்னுதான் நெனைக்கிறேன்."

இன்னாசி கையைக் கட்டிக்கொண்டு எழுந்தார். "எம்மக செஞ்சது தப்புத்தான் சார். ஆனா ஒண்ணு. காத்து அதிகம்னு தொழிலுக்குப் போகல. நேத்துச் சாயங்காலம் கரையில வலையச் சரிபண்ணிக்கிட்டு இருக்கையில இவ வாசிச்சா, எல்லாரும் கேட்டோம். பூனை படியிறங்கி வந்துருச்சு. மேல என்னாச்சுன்னு கேட்டுட்டு வரச் சொல்லி அனுப்பியிருக்காங்க."

"எந்தப் படி?" என்றார் தலைமையாசிரியர்.

பிரெசில்லா சொன்னாள். பாழடைந்த கலங்கரை விளக்கத்தில் ஒரு பூனை இருக்கிறது. அது பிள்ளைகளின் நிழலைத் தின்னும். நிழல் போன பிள்ளையைப் பெற்ற தாயே மெல்ல மெல்ல மறந்துபோவாள். தங்கையின் நிழலை மீட்க ஒருவன் உள்ளே போகிறான். பூனை இறங்கி வந்து வாயைத் திறக்கிறது. உள்ளேயிருந்து தங்கையின் குரல் கேட்கிறது.

தலைமையாசிரியரின் தேநீரில் ஆடை படிந்துவிட்டது. "அப்புறம்?"

"தெரியாது சார். அங்கனதான் கணக்கு சார் புடுங்கிட்டாங்க."

அந்த நிழலைத் தின்றவன் நான்தான் என்பதுபோல் நால்வரும் என்னைப் பார்த்தார்கள்.

புத்தகத்தை 'மேல்விசாரணை'க்காகத் தலைமையாசிரியர் வீட்டுக்குக் கொண்டுபோனார். மறுநாள் சிவந்த கண்களோடு வந்து கிறிஸ்டினா டீச்சரிடம் கொடுத்தார். அவரிடமிருந்து என் கைக்கு வந்தது. என் பங்கு விசாரணை முடிந்ததும், கொல்லைப்புறம் போக என் மனைவியைத் துணைக்கு அழைத்தேன். பிறகுதான் அது பிரெசில்லாவுக்குப் போய், கரையில் இருந்தவர்களுக்கும் விடை கிடைத்தது.

இத்தோடு விட்டிருந்தால் நாங்கள் சாதாரணப் பள்ளி. "இவ்வளவு பெரிய சந்தோசம் ஒரு பிள்ளைக்கு மட்டும் கிடைச்சா அது அநியாயம்," என்றார் தலைமையாசிரியர். 'நிழல் தின்னும் பூனை' ஏழாம் வகுப்புக்கு 'மகிழ்ச்சிப் பாடம்' ஆனது. பிரதிகள் வந்தன. கிறிஸ்டினா டீச்சர் குறிப்புகள் தயாரித்தார். தேர்வும் வைத்தோம்.

'பூனை நிழலைத் தின்றதற்கான காரணங்களைப் பத்து வரிகளில் விளக்குக.'

'கதையைப் படிக்கையில் நீவிர் அடைந்த அச்சத்தை வகைப்படுத்துக.'

முதல் கேள்விக்குப் பிரெசில்லா எழுதிய விடை, 'அதற்குப் பசி.' இரண்டாவதற்கு, 'இந்தத் தாளைப் பார்த்ததும் வந்ததைச் சேர்க்கலாமா?' அவள் தேறவில்லை.

முதல் மதிப்பெண் ஜோஸ்வாவுக்கு. அவன் புத்தகத்தைத் திறந்ததே இல்லை. குறிப்புகளை ஒப்பித்து எழுதியிருந்தான். பூனை என்ன நிறம் என்று சும்மா கேட்டேன். "அது நோட்ஸ்ல வரல சார்," என்றான்.

இன்னாசியைப் பாம்பன் கடைத்தெருவில் பார்த்தேன். "அந்தப் பூனைக் கதைய இன்னொரு தடவ வாசின்னா, 'அது பாடம் அய்யா'ன்னு தள்ளி வச்சிர்றா சார். இப்ப காஜா நவாஸ் பழைய பேப்பர் கடையில எடைக்கு வந்த புத்தகத்துல தேடிப் பிடிச்சு வாசிக்கிறா. அட்டையே கிடையாது. பேரும் தெரியல. ஆனா கரையில ஒருத்தனும் எந்திரிக்க மாட்டேங்கிறான்," என்றார். அந்த மகிழ்ச்சிக்கு எங்கள் பள்ளி எவ்விதத்திலும் பொறுப்பல்ல என்பதை இங்கே தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆண்டுவிழாவில் ஜோஸ்வாவுக்குச் 'சிறந்த வாசகர்' விருது. பரிசாக எவர்சில்வர் டிபன் கேரியர் வாங்கி வைத்திருந்தார்கள். நூலகப் பொறுப்பாளர் என்ற முறையில், வாசகனுக்கு ஒரு புத்தகம் கொடுக்கலாமே என்று சொன்னேன்.

தலைமையாசிரியர் என்னை வேதனையோடு பார்த்தார்.

"முதல் மார்க் வாங்குன பிள்ள சார் அது. அதுக்கு எதுக்குத் தண்டனை?"